நாற்றங்கால் வயது

மூன்று வயதுப் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு பள்ளிக்கூட வாயிலில் காத்துநிற்கும் தாய்மாரை இன்று தஞ்சைத் தரணியெங்கும் காண்கிறோம். இராஜகிரியானாலும் அய்யம்பேட்டையானாலும் கூத்தாநல்லூரானாலும் காட்சி ஒன்றே. தந்தை சபுரில் இருக்கிறார். அவர் அனுப்பும் பணத்தின் முதற்பங்கு பிள்ளையின் படிப்புக்கு. தாயோ இரவெல்லாம் ஆங்கில எழுத்துகளை ஒப்பிக்கப் பழக்குகிறாள். தன் பிள்ளை பின்தங்கிவிடக் கூடாதே என்னும் அவளது கவலை இழிவானதன்று. ஆயினும், பிள்ளையைப் பள்ளிக்கு ஆயத்தம் செய்வது என்பதன் பொருள்தான் யாது?

மார்க்கக் கடமைகளுள் தலையாயது தொழுகை. அதனையும் பிள்ளைக்கு ஏழு வயதாகும்போது ஏவுமாறே பெருமானார் (ஸல்) பணித்தார்கள். படைத்தவனுக்குரிய கடமையே ஏழு வயதுவரை பொறுத்திருக்க, மூன்று வயதில் தேர்வு கேட்க நமக்கு உரிமை ஏது? 2009-ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டமும், பள்ளிச் சேர்க்கைக்காகப் பிள்ளையையோ பெற்றோரையோ சோதித்துத் தெரிவு செய்வதைத் தடுக்கிறது.

அப்படியாயின் ஏழு வயதுவரை வாளாவிருக்கலாமா? கூடாது. நாயகம் (ஸல்) அவர்கள் தம் பேத்தி உமாமாவைச் சுமந்தவாறே தொழுதிருக்கிறார்கள். அவர்கள் இல்லத்தில் வளர்ந்த சிறுவர் உமர் இப்னு அபீஸலமாவின் கை உணவுத் தட்டெங்கும் அலைந்தபோது, இறைவன் பெயரைச் சொல்லி, வலக்கையால், தம் பக்கத்திலிருந்து உண்ணுமாறு இதமாகக் கற்பித்தார்கள். சிறுவர் அபூஉமைரிடம் அவர் வளர்த்த குருவியைப் பற்றிக் கனிவுடன் விசாரித்தார்கள். தோளும் தட்டும் குருவியும் அங்கே பாடநூல்களாயின. உடனிருத்தல், நற்பழக்கம், உரையாடல் ஆகிய மூன்றுமே அவ்வயதுக்குரிய கல்வி என்பது இவற்றால் விளங்கும்.

இதை நான் ஏட்டில் கற்றேன். ஆனால் ஒரு பிழை செய்த பின்னரே உணர்ந்தேன். முப்பது ஆண்டுகளுக்கு முன் ஒரு மக்தபில் ஓதிக்கொடுத்து வந்தேன். நான்கு வயதுச் சிறுவன் ஒருவன் ‘ஜீம்’ எழுத்தை ‘ஹா’ என்றே சொல்லிக்கொண்டிருந்தான். எல்லாப் பிள்ளைகளின் முன்னும் அவனைக் கடிந்து நிற்க வைத்தேன். மறுநாள் முதல் அவன் பிழை விடவேயில்லை. மகிழ்ந்தேன். சில நாள் கழித்து அருகிற்சென்று கவனித்தபோதுதான், மற்றவர் ஓத, அவன் உதட்டை மட்டும் அசைத்துக்கொண்டிருந்தது தெரிந்தது. கடுமையாக நடத்தப்படும் பிள்ளை பொய்யையும் பாசாங்கையும் கற்றுக்கொள்ளும் என்று அறிஞர் இப்னு கல்தூன் 1377-இல் எழுதிய ‘முகத்திமா’வில் எச்சரித்திருக்கிறார். அன்று அச்சிறுவனுக்கு நான் கற்பித்தது அதைத்தான்.

நம் உழவரைப் பாருங்கள். விதையை ஊறவைத்து, முளைகட்டி, சேறாடிய நாற்றங்காலில் விதைக்கிறார். குறுவை நாற்றுக்கு ஒரு நாட்கணக்கு. சம்பா நாற்றுக்கு வேறொரு கணக்கு. வேரூன்றுமுன் பறித்தால் நாற்று நைந்துபோகும். வயது கடந்து நட்டால் தூர்கட்டாது. அண்டை வயலில் நடவு முடிந்துவிட்டதே என்று அவர் தம் நாற்றைப் பிடித்து இழுப்பதில்லை.

வீட்டிலேயே பிள்ளைக்குச் செய்ய வேண்டியவை பல. உழக்கால் அரிசி அளக்கையில் அவனையும் எண்ணச் சொல்லுங்கள். களிமண்ணைப் பிசையவிடுங்கள், விரல் உரம்பெற்ற பிறகு எழுதுகோல் தானே வசப்படும். சட்டைப் பொத்தானை அவனே மாட்டட்டும், கைகால் கழுவட்டும், தின்பண்டத்தைப் பகிர்ந்து உண்ணட்டும். பாட்டிமார் நபிமார் வரலாறு சொல்லட்டும். இடையிடையே அவன் கேட்கும் கேள்விகளுக்கு மறுமொழி கூறட்டும். தொலைவிலிருக்கும் தந்தையர் தொலைபேசியில் மதிப்பெண் விசாரிப்பதை விட்டு, இன்று எந்தப் பறவையைப் பார்த்தாய் என்று கேட்கட்டும். இவற்றுக்குக் கட்டணமில்லை, நேரம் மட்டுமே வேண்டும்.

1975 அக்டோபர் 2-இல் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தால் ஊர்தோறும் அங்கன்வாடிகள் அமைந்தன. 2019-இல் தமிழக அரசு 2,381 அங்கன்வாடிகளில் மழலையர் வகுப்புகளையும் தொடங்கிற்று. அங்கே அனுப்புவது மதிப்புக்குறைவு என்று நம்மில் சிலர் எண்ணுவது பிள்ளையின் நலம் கருதியா, நம் பெருமை கருதியா என்பதை நெஞ்சில் கைவைத்துச் சொல்ல வேண்டும்.

பிள்ளை பள்ளிக்கு ஆயத்தமா என்று கேட்கும் நாம், பள்ளி பிள்ளைக்கு ஆயத்தமா என்றும் கேட்கக் கடமைப்பட்டுள்ளோம். 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்துப் பள்ளித் தீயில் 94 பிஞ்சுகள் கருகின. நெரிசலான கட்டடத்தையும் கீற்றுக் கூரையையும் குறுகிய படிக்கட்டையும் எவரும் கேள்வி கேட்காததன் விலை அது. ஆதலின் சேர்க்கைக்குப் போகும் பெற்றோர் முதலில் வாயிலையும் படிக்கட்டையும் கழிப்பறையையும் பார்க்கட்டும். பின்னர் ஆசிரியையின் முகத்தைப் பார்க்கட்டும்.

பிள்ளை இறைவன் நம்மிடம் ஒப்படைத்த அமானிதம். எத்தனை எழுத்தை முந்திக் கற்பித்தாய் என்பதைவிட, அந்த அமானிதத்தை எப்படிப் பேணினாய் என்றே நாளை நாம் வினவப்படுவோம். அவ்வினாவுக்கு விடையளிக்கும் தகுதியை வல்ல அல்லாஹ் நமக்கு அருள்வானாக!