வீடு வாங்க எது நல்ல நேரம்?

 

சொந்த வீட்டுக்கு ஆசைப்படுவது குற்றமன்று. வீடுகளை மனிதன் அமைதி பெறும் இடமாக ஆக்கியதை அல்லாஹ் தன் அருட்கொடைகளில் ஒன்றாக அந்நஹ்ல் அத்தியாயத்தில் (16:80) எடுத்துக் காட்டுகிறான். ஆனால் நம்மில் அநேகர் இன்று கேட்பது, "பேங்க் விகிதம் இன்னும் இறங்குமா, காத்திருக்கலாமா?" என்பதுதான்.

மலேசியாவில் பேங்க் நெகாராவின் விகிதம் 2020 ஜூலையில் 1.75 சதவீதத்துக்கு இறங்கியது. இன்னும் இறங்கும் என்று காத்திருந்தவர் உண்டு. இப்படியே நிற்கும் என்று நம்பிக் கழுத்தளவு கடன் வாங்கியவரும் உண்டு. 2022 மே மாதம் ஏறத் தொடங்கி, 2023 மேயில் அது 3 சதவீதமாயிற்று. 2025 ஜூலையில் 2.75 ஆகக் குறைந்தது. இரு சாராருமே ஏமாந்தனர். நாளை தான் எதைச் சம்பாதிக்கும் என்று எந்த ஆத்மாவும் அறியாது என்கிறது லுக்மான் அத்தியாயத்தின் கடைசி வசனம். தன் சம்பாத்தியத்தையே அறியாதவன் பேங்க் கமிட்டியின் மனத்தை அறிவது எங்ஙனம்? விலை இறங்கட்டும் என்று கடையைப் பூட்டி வைக்கும் வியாபாரியை நாம் கண்டதில்லை.

வட்டி ஹராம், அதில் இரண்டு பேச்சில்லை. ஆகவே இஸ்லாமிய முறையில் வாங்குகிறோம். ஆனால் "நமது இஸ்லாமியக் கடன், விகிதம் ஏறினாலும் நமக்கென்ன" என்று சிலர் நிம்மதியாக இருக்கின்றனர். அது தவறு. இவற்றிலும் பல, விகிதத்தோடு ஏறி இறங்குபவையே. இதற்கு மேல் ஏறாது என்று ஓர் உச்சவரம்பு பெரும்பாலும் பத்திரத்தில் இருக்கும். கையெழுத்துப் போடுமுன் அந்த எண்ணைக் கேட்டுக்கொள்ளுங்கள். கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்கச் சொல்லும் அல்பகரா 282, குர்ஆனிலேயே மிக நீண்ட வசனம். எழுதியதைப் படிக்காமல் வாங்கிப் பெட்டியில் வைப்பதற்காகவா அத்தனை விவரம்?

கணக்கைப் பாருங்கள். 300,000 வெள்ளி, 30 வருஷம், 3 சதவீதம் என்றால் மாதத் தவணை சுமார் 1,265 வெள்ளி. 2022, 2023ல் ஏறியது போல் 1.25 கூடினால் சுமார் 1,476. இருநூற்றுச் சொச்சம்தானே என்பீர்கள். மளிகைக் கடைக்காரரைக் கேளுங்கள். எந்த வீட்டின் 555 புத்தகம் நீளுகிறது, யார் கடை வாசலைத் தவிர்த்து எதிர்ச்சாரியில் நடக்கிறார் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். கடன்பட்டவன் பேசினால் பொய் சொல்கிறான், வாக்களித்தால் மாறுகிறான் என்று காரணம் கூறி, நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தொழுகையிலேயே கடனை விட்டுப் பாதுகாப்புத் தேடினார்கள்.

ஆகையால் நேரத்தைப் பேங்கில் தேடாமல் வீட்டுக் கணக்கில் தேடுவோம். இன்று 900 வெள்ளி வாடகை கொடுக்கிறீர்களா? மீதி 576 வெள்ளியை மாதந்தோறும் தாபோங் ஹாஜியில் போட்டு வாருங்கள். ஒரு வருஷம் பெருநாள், பள்ளிக்கூடச் செலவு, காய்ச்சல் எல்லாம் வந்து போன பிறகும் அதில் கைவைக்கவில்லையானால், விகிதம் எதுவானாலும் வீடு பார்க்கலாம். நடுவில் எடுத்துவிட்டால் சிறிய வீடாகப் பாருங்கள், அல்லது பொறுங்கள். இதை மனைவியோடு கலந்துதான் செய்யவேண்டும். அடுப்பங்கரைச் செலவு அறிந்தவர் அவரே.

இன்னொன்று. மூன்று தீனார் கடன் வைத்து, அடைக்க ஒன்றும் விட்டுச் செல்லாத ஒருவரின் ஜனாஸாவை, அபூகதாதா (ரலி) அக்கடனைத் தாம் ஏற்கும் வரை நாயகம் (ஸல்) அவர்கள் தொழவைக்கவில்லை என்று புகாரீயில் வருகிறது. நாம் வாங்குவதோ மூன்று லட்சம். மௌத்தானால் மீதிக் கடனை அடைக்கும் தகாஃபுல் உண்டா, முழுக் காலத்துக்கும் உண்டா என்று விசாரியுங்கள். அந்தக் காகிதம் எந்தப் பெட்டியில் இருக்கிறதென்று வீட்டில் இன்றைக்கே சொல்லி வையுங்கள்.