காவல் என்னும் சொல்

ஆடி மாதத்தில் பெரியபாளையத்துப் பவானி அம்மன் கோயிலுக்கு வேப்பிலை உடுத்தி நேர்த்திக்கடன் செலுத்த மக்கள் திரள்கின்றனர். அம்மன் திருவிழாக்களில் நோன்பிருப்போர் கையில் கட்டிக்கொள்ளும் மஞ்சள் கயிற்றுக்குக் காப்பு என்று பெயர். தீங்கு அணுகாதிருக்கக் கட்டுவது அது. காவலர் ஒருவரைக் கைவிலங்கிட்டு அழைத்துச் சென்றாலும் 'காப்பு மாட்டிவிட்டார்கள்' என்றே நம் மக்கள் சொல்கின்றனர். கேலியாகப் பிறந்த வழக்காயிருக்கலாம். ஆயினும் சொல் ஒன்றே.

'கா' என்னும் வேரிலிருந்து கிளைத்தவையே காப்பும் காவலும். நம்மைக் காக்கும் வானதூதரைக் காவல் தூதர் என்கிறோம். பிடிபட்டவர் இருக்கும் நிலையையும் காவல் என்கிறோம். இலத்தீனிலும் காவல் தூதருக்கும் சிறைக்காவலனுக்கும் 'குஸ்தோஸ்' என்ற சொல்லே வழங்கியது. ஆனால், 'நீதிமன்றக் காவலில் வைக்கப்பட்டார்' என்று நாளேட்டில் படிக்கும்போது, அவரிடமிருந்து நாம் காக்கப்பட்டோம் என்றே பொருள் கொள்கிறோம். திருடனுக்கு என்ன பாதுகாப்பு என்று கேட்போர் நம் பங்குகளிலும் உண்டு.

அக்கேள்விக்கு விடை காவலின் இயல்பிலேயே உள்ளது. வெளியே இருப்பவன் அடிக்க வருவோரிடமிருந்து ஓடலாம். கூவி அண்டை வீட்டாரை அழைக்கலாம். காய்ச்சல் கண்டால் மருந்து வாங்கலாம். பூட்டிய கதவுக்குள் இவற்றுள் ஒன்றும் இயலாது. தன்னைக் காத்துக்கொள்ளும் ஆற்றலை ஒருவனிடமிருந்து எடுத்துக்கொள்பவர், அப்பொறுப்பையும் சேர்த்தே ஏற்கிறார். அவன் குற்றவாளியா என்பது வேறு கேள்வி. நம் நாட்டுச் சட்டமும் இதை அறியும். குற்றஞ்சாட்டப்பட்டவரைக் காவலில் வைத்திருப்பவரே அவருடைய உடல்நலத்தையும் பாதுகாப்பையும் பேண வேண்டும் என்ற பிரிவு, 2008ஆம் ஆண்டுத் திருத்தத்தால் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் சேர்க்கப்பட்டது. 2024 ஜூலை 1இல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்திலும் அக்கடமை தொடர்கிறது. பிலிப்பி நகரச் சிறைக்காவலர், பவுல், சீலா ஆகியோரின் காயங்களை நள்ளிரவிலேயே கழுவியதைத் திருத்தூதர் பணிகள் நூலில் நாம் வாசிக்கிறோம். அவரைக் கட்டாயப்படுத்த அப்போது சட்டப்பிரிவு ஏதும் இல்லை.

2020 ஜூன் 19 அன்று சாத்தான்குளத்தில், ஊரடங்கு நேரத்துக்குப் பின்னும் கடையைத் திறந்து வைத்தார் என்பதற்காக ஜெயராஜ் பிடிக்கப்பட்டார். தந்தையைத் தேடிச் சென்ற பென்னிக்ஸும் உள்ளே வைக்கப்பட்டார். காவல் நிலையம், மருத்துவர், நீதித்துறை நடுவர், கோவில்பட்டிக் கிளைச் சிறை என்று ஒருவர் கையிலிருந்து மற்றவர் கைக்கு இருவரும் மாறினர். காயங்கள் எவர் கண்ணிலும் படவில்லையா? 22ஆம் நாள் இரவு மகனும், மறுநாள் காலை தந்தையும் இறந்தனர். பின்னர் மத்தியப் புலனாய்வுத் துறை, காவலர்மீதே கொலைக் குற்றம் சாட்டியது.

ஓங்கிய கையே வேண்டும் என்பதில்லை. விரகலூரில் பிறந்த இயேசு சபைத் தந்தை ஸ்டேன் சுவாமி 2020 அக்டோபரில் கைது செய்யப்பட்டபோது எண்பது வயதைக் கடந்தவர். நடுக்குவாதத்தால் குவளையைப் பிடிக்க இயலாதவர். உறிஞ்சு குழாயும் அதற்கேற்ற குவளையும் கேட்டு நீதிமன்றத்துக்கு மனுச் செய்தார். பதில் தர விசாரணை அமைப்பு கேட்ட அவகாசம் 20 நாள். அவரை எவரும் அடித்ததாகச் செய்தி இல்லை. தண்ணீர் குடிப்பதற்கே மனு எழுத வேண்டியிருந்தது, அவ்வளவுதான். 2021 ஜூலை 5 அன்று, பிணை மனு விசாரணைக்கு வந்த நாளிலேயே, மும்பை மருத்துவமனையில் அவர் உயிர் பிரிந்தது. அப்போதும் அவர் நீதிமன்றக் காவலில்தான் இருந்தார்.