அடுத்தவன் எடுப்பானே!



"நான் விட்டுவைத்தால் அடுத்தவன் எடுத்துக்கொள்வான்; நான் எடுத்தால் என்ன குற்றம்?" பொதுச் சொத்தைப் பற்றி இப்படி நியாயம் பேசுவோர் பலர். இந்த நியாயம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்குக் கனடா தேசம் ஓர் அத்தாட்சி.

குழந்தைகளுக்குக் கொடுக்கும் மீனெண்ணெய் காட் என்னும் மீனின் ஈரலிலிருந்து எடுக்கப்படுவது. கனடாவின் நியூபவுண்ட்லாந்துக் கடலில் அம்மீன் ஏராளமாய் இருந்தது. பல நூறு வருஷம் பிடித்தும் அழியவில்லை. 1950-க்குப் பின் பல தேசங்களின் பெருங்கப்பல்கள் இழுவலையோடு வந்தன. 1968-ல் மட்டும் சுமார் 8 லட்சம் டன் வாரினார்கள். 1977-ல் கனடா 200 கடல் மைல் எல்லை வகுத்து அந்நியரை விலக்கியது. பிறகு சொந்தக் கப்பல்களே அந்த வேலையைச் செய்தன! 1992-ல் மீன் அற்றுப்போகும் நிலை. அரசாங்கம் தடை விதித்தது. சுமார் 30,000 பேர் பிழைப்பிழந்தார்கள். 2 வருஷத்துக்கென்று விதித்த தடை 2024 வரை நீங்கவில்லை.

யார் அந்த "அடுத்தவன்"? ஒவ்வொருவனும் மற்றவனைக் காட்டினான். மற்றவனுக்கு இவனே அடுத்தவன். பிறன் செய்யும் தவறு என் தவறை நியாயமாக்காது.

ஆனால் ஒருவன் மட்டும் கையைக் கட்டிக்கொண்டால் கடல் பிழைக்குமா? பிழைக்காது. ஆகையால் நம் கடமை இரண்டு: எல்லாரும் கூடி அளவு வகுப்பது, வகுத்த அளவை, யாரும் பாராதபோதும், மீறாதிருப்பது. கடலுக்கும் இதுவே சட்டம். ஊர்க் கிணற்றுக்கும் இதுவே. மிச்சம் வைப்பது தருமமல்ல. பிறக்கப்போகும் பிள்ளைகளுக்கு நாம் செலுத்தவேண்டிய கடன்.