பேரலை வருமென்று கணக்கு சொன்னது

ஃபுகுஷிமா அணு உலை விபத்துக்காக நிர்வாகிகள்மீது நடந்த குற்ற வழக்கை 2025 மார்ச்சில் ஜப்பான் உச்ச நீதிமன்றம் முடித்துவைத்தது. டோக்கியோ மின் நிறுவனத்தின் முன்னாள் துணைத் தலைவர்கள் இருவரின் விடுதலை உறுதியானது. அவர்களோடு குற்றம் சாட்டப்பட்ட முன்னாள் தலைவர் முந்தைய அக்டோபரிலேயே காலமாகிவிட்டார். 2025 ஜூனில், நான்கு முன்னாள் நிர்வாகிகள் 13 லட்சம் கோடி யென்னுக்கு மேல் தங்கள் நிறுவனத்துக்கு ஈடு கட்ட வேண்டும் என்ற 2022-ஆம் ஆண்டுத் தீர்ப்பையும் டோக்கியோ உயர் நீதிமன்றம் ரத்து செய்தது.

சட்டப்படி அவர்கள் நிரபராதிகள். அறத்தின்படி அவர்கள் பதில் சொல்லக் கடமைப்பட்டவர்கள். இதில் இரண்டு கருத்துக்கு இடமில்லை.

நடந்தது என்ன? ஃபுகுஷிமா கடலோரத்தில் பெரும் சுனாமியை எழுப்பக்கூடிய நிலநடுக்கம் வரலாம் என்று 2002-இல் அரசின் ஆய்வு அமைப்பே சொன்னது. அதை அடிப்படையாக வைத்து 2008-இல் நிறுவனத்துக்குள் ஒரு கணக்கு வந்தது: அலை 15.7 மீட்டர் வரை ஏறலாம். உலைகள் நின்ற தரையின் உயரமோ 10 மீட்டர். அந்த ஜூலையில் மேலிடம் எடுத்த முடிவு, விஷயத்தைக் கட்டுமானப் பொறியாளர் சங்கத்திடம் கொடுத்து மேலும் ஆராயச் சொல்வது. சுவர் எழவில்லை. 2011 மார்ச் 11 அன்று கடல் அந்தத் தரையைத் தாண்டி வந்து, கீழ்த்தளத்து ஜெனரேட்டர்களை மூழ்கடித்தது. குளிர்விக்க வழியின்றி மூன்று உலைகளில் எரிபொருள் உருகியது.

ஒகுமா நகரில், உலைக்குச் சில கிலோமீட்டர் தொலைவில், ஃபுதாபா மருத்துவமனை இருந்தது. நோயாளிகளில் பலர் படுத்த படுக்கையான முதியவர்கள். மார்ச் 14 அன்று அவர்களைப் பேருந்துகளில் ஏற்றினார்கள். கதிர்வீச்சுப் பகுதியைத் தவிர்ப்பதற்காக வடக்கே போய், சுற்றி வளைத்துத் தெற்கே இருக்கும் இவாகி நகருக்கு வந்தார்கள். சுமார் 230 கிலோமீட்டர், பத்து மணி நேரத்துக்கும் மேல். உட்கார முடியாதவர்கள் இருக்கைகளில் சரிந்து கிடந்தார்கள். வண்டியிலேயே சிலரின் உயிர் பிரிந்தது. இறக்கிவிட்ட இடமோ ஒரு பள்ளிக்கூடம். அந்த இடப்பெயர்வில் இறந்ததாகக் குற்றப்பத்திரிகை சொன்ன நோயாளிகள் 44 பேர். ஊரைவிட்டுப் போனவர்கள் ஒன்றரை லட்சத்துக்கும் அதிகம். அலைச்சலாலும் நோயாலும் மனமுடைந்தும் இறந்து, பேரிடர்த் தொடர்புடைய மரணம் என்று ஃபுகுஷிமா மாவட்டத்தில் பதிவானவர்கள் 2,300-க்கும் மேல். இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: அந்த உலைகளின் மின்சாரம் டோக்கியோ வட்டாரத்துக்குத்தான் போனது. ஃபுகுஷிமா வீடுகளில் எரிந்த விளக்குக்கு மின்சாரம் தந்தது வேறு நிறுவனம்.

எதிர்வாதம் உண்டு. நிலக்கரிப் புகை இதைவிட அதிகம் பேரைக் கொல்கிறது. கதிர்வீச்சால் நேர்ந்த மரணம் என்று ஜப்பான் அரசு 2018-இல் ஏற்றது ஒரு தொழிலாளியின் மரணத்தைத்தான். உண்மைதான். உறுதியில்லாத கணிப்பை நம்பி உலையை நிறுத்த வேண்டியதில்லை என்பது நீதிமன்றம் ஏற்ற வாதம். ஆனால் ஓனகாவா என்ற இன்னொரு அணு உலை நிலநடுக்க மையத்துக்கு இன்னும் அருகில் இருந்தும் தப்பியது. அதன் தரை 14.8 மீட்டராவது இருக்க வேண்டும் என்று யனோசுகே ஹிராய் என்ற பொறியாளர் பல ஆண்டுகளுக்கு முன்பே பிடிவாதமாக நின்றிருந்தார். வீடிழந்த ஊர்மக்கள் அந்த உலை வளாகத்தில்தான் அடைக்கலம் புகுந்தார்கள். ஒருவரால் முடிந்தது மற்றவரால் முடியாது என்று எப்படிச் சொல்வது?

வருமுன் காக்காதவன் வாழ்வு நெருப்புமுன் வைக்கோல்போல் அழியும் என்பது வள்ளுவரின் கருத்து. ஃபுகுஷிமாவில் காக்காதவர்களின் வாழ்வு அழியவில்லை; அழிந்தது அடுத்தவர் வாழ்வு. பெரியபுராணத்து மனுநீதிச் சோழனின் மகன் வேண்டுமென்றே கன்றின்மீது தேரை ஏற்றவில்லை. அது தானாக ஓடிவந்து தேர்க்காலில் விழுந்தது. பரிகாரம் செய்தால் போதும் என்று அமைச்சர்கள் வழி சொன்னார்கள். அரசன் ஏற்கவில்லை; மகனைத் தேர்க்காலில் இட்டான். சிலப்பதிகாரத்துப் பாண்டியனும் ஒரு பொற்கொல்லனின் பேச்சை நம்பித்தான் குற்றமற்ற ஒருவனைக் கொல்ல ஆணையிட்டான். பழியைப் பொற்கொல்லன்மீது தள்ளிவிட்டு அரியணையில் உட்கார்ந்திருக்கலாம். தவறு தனதே என்று உணர்ந்த கணத்தில் உயிர்விட்டான். இன்று யாரும் உயிர்விட வேண்டாம், மகனைத் தேர்க்காலில் இடவும் வேண்டாம். பிறர் உயிரைத் தன் முடிவில் வைத்திருப்பவன் "எனக்குத் தெரியாது", "நிபுணர்களிடம் கேட்டிருந்தோம்" என்ற சொற்களுக்குப் பின்னால் ஒளியக் கூடாது என்றுதான் இம்மூன்றும் கேட்கின்றன. ஆய்வு முடியும்வரை உற்பத்தியைத் தொடரலாம் என்பவர், தவறினால் வரும் கேட்டைத் தானே சுமக்க ஆயத்தமாக இருக்க வேண்டும். சுமப்பவர் படுக்கையிலிருக்கும் கிழவி என்றால், அந்த முடிவை எடுக்கும் உரிமையே அவருக்கு இல்லை.

அதே நிறுவனத்தின் காஷிவாசாகி-காரிவா உலையை மீண்டும் இயக்க 2025 நவம்பரில் நீகாட்டா ஆளுநர் இசைவு தந்தார். ஜப்பானோ வேறு நாடோ, இத்தகைய இசைவில் கையெழுத்திடுகிறவர்கள் அதற்கு முன் ஒன்றைக் கேட்டு வாங்க வேண்டும்: விபத்து நடந்தால் பதில் சொல்லப் போகிறவர் யார் என்று எழுதி, அவரே கையொப்பமிட்ட ஒரு தாள்.