குடியேற்றமும் அறமும்

2008-இல் ஏவப்பட்ட சந்திரயான்-1, நிலவில் நீர் உண்டு என்பதற்குச் சான்று தந்தது. அங்கே மனிதன் நிலையாகக் குடியேறுவதற்கு இன்று நாடுகள் திட்டமிடுகின்றன. காற்றும் உணவும் பெறும் வழியை அறிவியல் ஆராய்கிறது. குடியேறுவோரின் சம்மதத்தை ஆராய்வது யார்?

நிக்கோபார் தீவுகளுள் ஒன்றான கட்சால் இக்கேள்வியை நமக்கு நினைவூட்டுகிறது. 1964-இல் இந்தியாவும் இலங்கையும் செய்துகொண்ட ஒப்பந்தம், 5,25,000 மலையகத் தமிழரை இந்தியாவுக்கு உரியவராக்கியது. அதற்குமுன் அம்மக்களின் கருத்து கேட்கப்படவில்லை. அவ்வாறு வந்தவர்களுள் சில குடும்பங்கள் கட்சாலின் ரப்பர் தோட்டத்தில் குடியமர்த்தப்பட்டன. எங்கு வாழ்வது என்பதைப் பிறரே தீர்மானித்தனர். வாழ்ந்து காட்டும் பொறுப்பு மட்டும் அவர்களுடையதாயிற்று.

நிலவுக்குச் செல்வோர் விரும்பியே செல்லக்கூடும். அங்கே பிறக்கும் குழந்தையின் விருப்பத்தை எவர் கேட்பார்? அக்குழந்தை பூமிக்குத் திரும்பும் வழியையும் சேர்த்துச் சிந்திக்கும் திட்டமே அறத்தின்பாற்பட்டது.