தோண்டாத பள்ளம்

பள்ளம் என்று இருந்தால் யாரோ தோண்டியிருக்க வேண்டும் என்று நினைப்பது நம் வழக்கம். பூமிக்கு அந்த நியதி கிடையாது. உலகத் தரைப்பரப்பிலேயே மிகத் தாழ்ந்த இடம் சாக்கடலின் கரை. கடல் மட்டத்துக்கு 430 மீட்டருக்கும் கீழே கிடக்கிறது. அதை ஒருவரும் தோண்டவில்லை. அங்கே பூமியின் மேலோட்டில் இரண்டு பெரும் பாளங்கள் உரசிக்கொண்டு நகர்கின்றன. உரசும் கோடு ஓரிடத்தில் அறுந்து, சற்றுத் தள்ளி மறுபடி தொடர்கிறது. அந்த இடைவெளியில் அகப்பட்ட நிலம் இருபுறமும் இழுபட்டு, மெலிந்து, லட்சக்கணக்கான ஆண்டுகளாக அமிழ்ந்துகொண்டே வந்திருக்கிறது. இதில் பாவமும் இல்லை, புண்ணியமும் இல்லை.

ஆனால் அதே கரையில் 1980-களிலிருந்து வேறு விதமான பள்ளங்கள் பெருகின. இன்று அவை ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. நேற்று வரை மனிதர் நடந்த தரை திடீரென்று உள்வாங்கிவிடுகிறது. 2015-இல் ஐன்கெதி அருகே நெடுஞ்சாலையின் ஒரு பகுதியை மூட நேர்ந்தது. எதிர்க்கரையில் ஜோர்டான் நாட்டுக் குடியானவர்களின் வயல்களுக்கும் அதே கதிதான்.

இவற்றையும் யாரும் தோண்டவில்லை. ஆனால் காரணம் மனிதர்தாம். சாக்கடலில் சேர வேண்டிய ஜோர்டான் நதியின் நீரையும், அதன் கிளையான யார்முக்கின் நீரையும் இஸ்ரேலும் ஜோர்டானும் சிரியாவும் தத்தம் பக்கம் திருப்பிக்கொண்டன. தென்பகுதியில் பொட்டாஷ் உப்புக்காகக் கடல்நீரைப் பாத்தி கட்டிக் காயவிடுகிறார்கள். கடல் ஆண்டுக்கு ஒரு மீட்டருக்கு மேல் இறங்குகிறது. உப்புநீர் விலகிய இடத்துக்கு நிலத்தடி நன்னீர் வந்து, புதைந்து கிடந்த உப்புப் படிவத்தைக் கரைக்கிறது. உள்ளே பொந்து விழுகிறது. ஒருநாள் மேல்தரை சரிகிறது.

குற்றவாளி யார்? குழந்தைக்குத் தண்ணீர் பிடித்த தாயா? தக்காளிக்குப் பாய்ச்சிய உழவனா? பொட்டாஷ் எடுத்த முதலாளியா? அதை வாங்கி வயலுக்கு உரமிடும் நாடுகளில் நம்முடையதும் ஒன்று. அப்படியானால் நம் சோற்றுக்கும் இதில் பங்குண்டா?

கையில் மண்வெட்டி இருந்ததா என்று பார்ப்பதோடு சட்டம் திருப்தி அடையலாம். தர்மம் அடைய முடியாது. எல்லோருக்கும் பங்கு உண்டென்றால் ஒருவருக்கும் பொறுப்பில்லை என்று வாதிப்பது சௌகரியமான தந்திரம். எடுத்த அளவுக்கும், எடுக்கும்போது அறிந்திருந்த அளவுக்கும் ஏற்ப அவரவர் பங்கு கூடும், குறையும், இல்லாமற் போகாது. காரணம் தெரியாத காலத்தில் எடுத்தவர்களை மன்னித்துவிடலாம். இப்போது எல்லோருக்கும் தெரியும். தெரிந்த பிறகும் எடுக்கிறவர், தாம் தோண்டவில்லை என்று எப்படிச் சொல்வார்?