பிள்ளைகளின் அழுகையும் வெகுளியும்

காமம், வெகுளி, மயக்கம் என்னும் முக்குற்றங்களை விலக்குமாறு சைவாசிரியர் பிள்ளைகளுக்குப் போதிக்கின்றனர். போதனை நன்றே. ஆயினும், வகுப்பிற் சினந்து கொப்பியை வீசிய சிறுவனை, "வாயை மூடு, கோபம் பொல்லாதது" என்று அடக்குமிடத்து ஒரு வினா எழுகின்றது. தன்னுள் நிகழ்வது யாதென அறியாதவன் அதனை விலக்குதல் கூடுமோ? கூடாதென்பதே எமது துணிபு.

சார்ந்ததன் வண்ணமாதல் உயிரின் இயல்பென்பது சித்தாந்தம். செம்மலரின் அருகே வைத்த பளிங்கு சிவந்து தோன்றும், அந்நிறம் பளிங்கினதன்று. சினத்தைச் சார்ந்த பிள்ளையும் அத்தன்மையனே. அவனை முரடன் என்றழைக்கும் ஆசிரியர் நிறத்தைப் பளிங்கென மயங்குகின்றார். நாளடைவில் அம்மயக்கத்தை அவனும் கற்றுக்கொள்கின்றான். பிரம்படி 2005ஆம் ஆண்டுக் கல்வியமைச்சுச் சுற்றறிக்கையால் விலக்கப்பட்டது. சொல்லாகிய பிரம்பைச் சுற்றறிக்கை எட்டிப்பிடித்தல் அரிது போலும்!

நம் தமிழ் வழக்கு இவ்வுண்மையைத் தானே காட்டி நிற்கின்றது. 'எனக்குக் கோபம் வருகிறது' என்கின்றோம். வருவது வேறு, வரப்பெறுவோன் வேறு அன்றோ? சினம் எழும்போது இதனைச் சொல்லப் பழகிய பிள்ளைக்குக் கை ஓங்குமுன் ஒரு கணம் வாய்க்கும். அக்கணமே வேண்டுவது.

இனி, அழுகை. தொல்காப்பியர் மெய்ப்பாடு எட்டனுள் அழுகையையும் வெகுளியையும் வைத்தார். பிறரால் இகழப்படுதல், உரியதை இழத்தல், முன்னைய நிலையினின்றும் தளர்தல், வறுமை என அழுகைக்கு நான்கு நிலைக்களனும் வகுத்தார். மாத்தளையிலே, இரத்தோட்டைப் பக்கத்துத் தோட்ட லயமொன்றிலிருந்து நடந்துவரும் சிறுமி ஒருத்தி வகுப்பில் அழுகின்றாள் என்போம். தாய் வீட்டுவேலைக்குக் குவைத்து சென்றிருக்க, அம்மாயியிடம் வளர்பவள். அவள் அழுவது தாயின் பிரிவாலோ, கிழிந்த சப்பாத்தைக் கண்டு தோழியர் நகைத்தமையாலோ, காலையில் உண்ணாமையாலோ? கண்ணீர் ஒன்றே, மருந்து ஒன்றன்று. 'அழாதே' என்பதோ எதற்கும் மருந்தன்று. இது பிரிவு, இது நாணம், இது பசி எனப் பிரித்தறிய அவளுக்குத் துணைசெய்தலே ஆசிரியர் கடன். பலர் முன்னிலையிற் கேட்டல் தகாது. அஃது இகழ்ச்சியாய் முடியும்.

சொல் வாராத பிள்ளைகளும் உளர். போர் நடந்த காலத்தில், 1996இல், மட்டக்களப்பில் வண்ணத்துப்பூச்சிப் பூங்கா தொடங்கப்பெற்றது. தமிழ், முஸ்லிம் பிள்ளைகள் ஆண்டுக் கூடிக் களிமண், வண்ணம், கதை, கூத்து என்பவற்றின் வழியே தம் துயரை வெளியிட்டனர். களிமண் மாத்தளையிலும் உண்டு.

இங்ஙனம் இடங்கொடுப்பின் பிள்ளை கெடும் என்பார்க்கு: சினம் வந்ததை ஒப்புக்கொள்ளுதல் வேறு, வீசியதை ஒப்புக்கொள்ளுதல் வேறு. கொப்பியை அவனே எடுத்துவைத்தல் வேண்டும். நாற்பது பிள்ளைகளோடும் புலமைப்பரிசிற் பரீட்சையோடும் இடர்ப்படுகின்றோம், நேரமேது என்பாரும் உளர். அவர் கூறுவது மெய்யே. அவர்பால் யாம் வேண்டுவது, இடைவேளையில் ஒரு பிள்ளையோடு ஐந்து நிமிடம்.